மதாம் பூட்டி வைத்த கர்த்தூஷ்

அன்று காலை முந்திரித் தோப்பில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர், நான், தோப்புக்காரர், அவர் மனைவி, அவர் தம்பி, மதாம். ஆறு பேர். தோப்புக்காரரின் செவலை நாயையும் சேர்த்துக்கொண்டால் ஏழு. பிற்பாடு இந்தக் கதையை ஊரில் சொன்னவர்கள் கூட்டத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள். தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன ஒருவர் அந்தச் சமயத்தில் காரைக்காலில் வேலையில் இருந்தவர். அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போன ஒன்றிரண்டு வருடத்தில் நடந்தது இது. தோப்பு ஊருக்கு வடக்கே, காலாப்பட்டுப் பக்கம். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து ஆள் உயரத்துக்கு ஓடை விழுந்த செம்மண் மேடு. முந்திரிக்கு இடையில் கிடைத்த நிலத்தில் தோப்புக்காரர் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருந்தார். காய் பிடிக்கிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. இருட்டில் வந்து வயலைப் புரட்டிப் போட்டுவிட்டு, பகலில் ஓடைப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தோப்புக்காரர் தகரம் தட்டிப் பார்த்தார், மூட்டம் போட்டுப் பார்த்தார். கடைசியில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

எங்களுடையது கடிகாரக் கடை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மேஜை, ஒரு கண்ணாடிப் பெட்டி, சுவர் நிறைய ஆளுக்கொரு மணி காட்டும் கடிகாரங்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு இவர் குனிந்தாரென்றால், மயிர் கனம் இருக்கிற சுருள்வில்லை மூச்சுக்காற்று படாமல் எடுத்து அதன் இடத்தில் உட்கார்த்திவிடுவார். இடது கண்ணில் சின்ன வயதில் அம்மை வார்த்துப் பூ விழுந்திருந்தது. அதில் வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. ஆக எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது ஒரே ஒரு கண்ணால். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்ப்பதும் அதே கண்தான்.

துப்பாக்கிப் பழக்கம் இவருக்கு முசியேவால் வந்தது. முசியே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த தமிழ்க் கிறிஸ்தவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேட்டைக்குப் போகும்போது துணைக்கு இவரைக் கூட்டிப்போக ஆரம்பித்து, கடைசியில் குறி பார்ப்பதை இவரிடமே விட்டுவிட்டார். கடைத் தோட்டாவுக்கு எவன் காசு அழுவான் என்று, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தானே மருந்து அடைத்து, குண்டு சொருகி வைத்துக்கொள்வார். எந்த மருந்து, எவ்வளவு, எந்த வருடம் போட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதியதில்லை. எல்லாம் அவர் தலைக்குள். சில மாதம் படுக்கையில் கிடந்துவிட்டு முசியே போனபோது அந்தக் கணக்கும் கூடவே போய்விட்டது.

அவர் மனைவிதான் மதாம். மதாம் துப்பாக்கியையும், ஒரு பிஸ்கட் டின் நிறைய அவர் போட்டுவைத்த தோட்டாக்களையும் இவருக்கே விற்றார். துப்பாக்கிக்கு முழுப் பணமும் கொடுத்தாயிற்று. டின்னுக்கு முப்பது ரூபாய் பேசி, பாதியைக் கையில் கொடுத்து, மீதியை முதல் பன்றிக் கறியோடு தருவதாக ஏற்பாடு. லைசென்சுக்குப் புது சர்க்காரிடம் முத்திரை வாங்கியாயிற்று. புதுத் தோட்டாவுக்குத்தான் வழியில்லை. அந்தத் துப்பாக்கியின் அளவுக்கு முன்னெல்லாம் கப்பலில் வரும். கப்பலில் வருவது நின்றுபோய்விட்டது. மெட்ராஸில் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். இருந்தது அந்த டின் மட்டும்.

நான் பயந்த சுபாவம். மழைக்காலத்தில் பெரிய வாய்க்கால் பாலத்தைத் தாண்டப் பயந்தே ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். பால் பொங்கினாலும் பயம், பொங்காவிட்டாலும் பயம் என்று இவர் சொல்வார். ஆனால் அந்த டின்னைத் திறந்த அன்றைக்கு நான் பயந்தது வீண் பயம் இல்லை. மூடியைத் தூக்கியதும் ஒரு புளித்த நெடி மூக்கில் ஏறியது. ஊறுகாய் கெட்டால் வருகிற மாதிரி, ஆனால் அதைவிடக் காரம்.

"என்னாங்க இது, இப்பிடி நாறுது?"

"பழசு இல்லியா. டின்னு வாடையா இருக்கும்."

"பச்சை பச்சையா பூத்துக் கெடக்கு பாருங்க."

"பாக்கத்தான போறேன். நீ தள்ளி உக்காரு, வெளிச்சத்த மறைக்காத."

கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிப் பார்த்தார். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. களிம்பு ஏறியது ஒரு பக்கம் போயிற்று. பித்தளையின் கழுத்தில் நகக்கீறல் மாதிரி வெடிப்பு ஓடியது இன்னொரு பக்கம். குண்டு லேசாக ஆடியது, அடித்தட்டு துருத்தியது, எல்லாம் கழிந்தது. டின் முக்கால்வாசி காலி. நல்லது என்று தேறியவற்றை ஒரு பழைய கடிகார டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கினார்.

"இதுங்க சரியா இருக்கு" என்றார்.

"வெளிய பாத்தீங்க. உள்ள?"

லென்ஸைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். இந்தக் குணம்தான் எனக்கு இவரிடம் பிடித்தது. பொம்பளை கேட்ட கேள்வி என்று தள்ளமாட்டார்.

"உள்ள தெரியாதுதான். போட்டவருக்குத்தான் தெரியும். அவரு கல்லறையில இருக்காரு."

"அப்ப வேணாம்னு சொல்லிடுங்க."

"வாக்கு குடுத்துட்டேன். அந்த மனுஷன் மல்லாட்டைய நம்பிக் கடன் வாங்கியிருக்காரு."

நான் அழவில்லை. அழுதால் மாறுகிற ஆள் இல்லை. இரண்டு கேட்டேன். முதலாவது, தோப்பில் முதல் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடக்கூடாது, துப்பாக்கியை எதிலாவது கட்டிவிட்டுக் கயிற்றால் இழுக்கவேண்டும். இரண்டாவது, சத்தம் மாறினால் நிறுத்திவிட வேண்டும். அது எனக்கு எப்படித் தோன்றியது என்றால், கடிகாரத்தில் இவர் முதலில் காதைத்தான் வைப்பார். சத்தம் மாறினால் உள்ளே ஏதோ கோளாறு, அதுக்கு மேல் சாவி கொடுக்கக்கூடாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதையே திருப்பிச் சொன்னேன்.

"சரி. சத்தம் மாறுனா விட்டுடறேன்" என்று என் தலைமேல் கை வைத்துச் சொன்னார். அதற்குப் பிறகும் நான் தூங்கவில்லை, அது வேறு.

விடிந்ததும் தோப்புக்காரரின் மாட்டு வண்டியில் போனோம். மதாமும் கூட வந்தார். பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார், விருந்துக்குப் பன்றிக் கறி வேண்டும், பங்கு நன்றாக வருகிறதா என்று தானே பார்க்கவேண்டும். வெள்ளைக் கவுன், கையில் குடை, காலில் சப்பாத்து. வண்டியில் ஏறியதிலிருந்து ஈரல் எனக்கு, ஈரல் எனக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

தோப்பில் இறங்கியதும் இவர் சொன்னபடி செய்தார். வண்டிச் சக்கரத்தில் துப்பாக்கியை வைத்துக் கட்டினார். எதிரே மண் மேடு. விசையில் தாம்புக் கயிற்றைக் கட்டி, நீளமாக விட்டு, எங்களை எல்லாம் ஓடைக்குள் இறக்கினார்.

தோப்புக்காரரின் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருபத்தைந்து வயதிருக்கும், வாய் மட்டும் நாற்பது.

"அண்ணே, பன்னி வந்தா அதையும் கயித்துல கட்டிட்டுத்தான் சுடுவீங்களா?"

"வாய மூட்றா" என்றார் தோப்புக்காரர்.

"இல்லண்ணே, கேட்டு வெச்சிக்கிறேன். பன்னிகிட்ட முன்னாடியே சொல்லிடணும் இல்ல. அண்ணி, உங்க யோசனைதான இது?"

"ஆமாம்பா. என் யோசனைதான்" என்றேன்.

"நெனைச்சேன். கடையில மணி அடிச்சாலே அண்ணி காதப் பொத்துவாங்க."

இவர் கயிற்றை இழுத்தார். டமார் என்று தோப்பே அதிர்ந்தது. காக்கைகள் கிளம்பின. மண் மேட்டில் பொத்தல். துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்காரன் கையைத் தட்டினான். தோப்புக்காரர் மனைவி என் தோளைத் தொட்டு, "பாத்தியா, ஒண்ணுமில்ல. போ, போயி அந்த இட்லிய எடு" என்றார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒன்று நன்றாக வெடித்தால் மற்றதும் அப்படித்தான் என்று நானும் நினைத்துவிட்டேன். ஒரே டின், ஒரே கை போட்டது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் அப்படி நினைக்காதவர் இவர் ஒருவர்தான். கூட்டை எடுத்து லென்ஸில் பார்த்துவிட்டு, "இது நல்லா வெடிச்சிருக்கு" என்றார். 'இது' என்று மட்டும்தான் சொன்னார். நான் அதைக் கவனித்தது வீட்டுக்குத் திரும்பின பிறகு.

அப்புறம் வேட்டை. தம்பிக்காரன் நாயை இழுத்துக்கொண்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடையின் மேல் கோடியில் இறங்கினான். இவர் கீழ்க்கோடியில், ஓடை வயலில் வந்து திறக்கிற வாயில், ஒரு முந்திரி மரத்தடியில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். தோப்புக்காரர் அவருக்குப் பக்கத்தில். பெண்கள் நாங்கள் மூவரும் பின்னால் மேட்டில். எனக்கு இவருடைய முதுகும், வலது கன்னத்தில் ஒட்டியிருந்த துப்பாக்கிக் கட்டையும் தெரிந்தன. கன்னத்துக்கும் இரும்புக்கும் நடுவில் விரல்கடைகூட இல்லை. மதாமின் குடைக் காம்பை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

தகரச் சத்தம் நெருங்கியது. புதர் ஆடியது. பன்றி வெளியே வந்தது. கரேலென்று, எருமைக்கன்று உயரம், முதுகில் மயிர் சிலிர்த்து, அவசரமே இல்லாமல். கடலை வயலின் ஓரத்தில் நின்று மூக்கைத் தூக்கியது. அவ்வளவு கிட்டே. நானே கல்லால் அடித்திருப்பேன்.

இவர் சுட்டார்.

டமார் வரவில்லை. டப் என்று ஒரு சத்தம். சீசாவின் தக்கையைப் பிடுங்கினால் வருமே, அந்த மாதிரி. கொஞ்சம் புகை. பன்றி அசையவில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

"தப்பிப் போச்சு தம்பி, தப்பிப் போச்சு. இன்னொண்ணு போடுங்க. நிக்குது பாருங்க, நிக்குது" என்றார் தோப்புக்காரர், குரலை அடக்கிக்கொண்டு.

இவர் கை தானாகத் துப்பாக்கியின் பூட்டுக்குப் போயிற்று. பழக்கப்பட்ட கை அல்லவா, இழுத்து அடுத்ததைப் போட்டுச் சுடுவதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். கை பூட்டின்மேல் இருந்தது. அங்கேயே நின்றது.

"சுடுங்க தம்பி. என் வயலு. கைய பிடிச்சிக் கேக்கறேன், சுடுங்க."

கன்னத்திலிருந்து கட்டையை எடுத்தார். துப்பாக்கியின் வாயை எதிர்க் கரையைப் பார்த்தே வைத்துக்கொண்டு, முகத்தை ஒதுக்கி, அப்படியே இருந்தார். சுட்டுவிட்டோமா, இன்னும் வெடிக்கப்போகிறதா என்று தெரியாதபோது அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது என்று முசியே சொல்லியிருந்தாராம். பன்றி எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கடலைக் கொடிகளை மிதித்துக்கொண்டு, நிதானமாக நடந்து முந்திரிக்குள் போய்விட்டது. பின்னாலேயே குட்டிகள் வரிசையாக.

தம்பிக்காரன் வியர்த்து வழிய ஓடி வந்தான்.

"என்னாண்ணே இது. நான் கொண்டாந்து கைல குடுத்தேன். கும்புட்டு அனுப்பி வெச்சிட்டீங்க."

இவர் இன்னும் துப்பாக்கியின் வாயைத் திருப்பவில்லை.

"கை நடுங்கிடுச்சா? வாட்ச்சு ரிப்பேரு மாதிரியா இது? கயிறு கட்டி இழுக்கறவருக்குப் பன்னி எதுக்கு?"

தோப்புக்காரரும் இந்தத் தடவை அவனை அடக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மதாம் குடையை மடக்கி, "அலோர், அப்ப ஈரலும் போச்சு" என்றார்.

நாலு பேர் முன்னால் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய ஆண்பிள்ளை, இப்படி நிற்கும்போது ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பான், அல்லது கோபத்தில் இன்னொரு தோட்டாவைப் போட்டு ஆகாயத்தில் சுட்டுக் காட்டுவான். நான் அதற்குத்தான் பயந்தேன். இவர் மெதுவாகப் பூட்டைக் கழற்றி, வெறும் கூட்டை எடுத்துக் கீழே வைத்தார். கூட்டில் குண்டு இல்லை. "குண்டு போயிருக்கில்ல, பின்ன என்னா" என்றான் தம்பிக்காரன். இவர் பூட்டுப் பக்கத்திலிருந்து குழலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு ஈர்க்கு ஒடிச்சிக் குடு" என்றார்.

வண்டியில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவிக் கொடுத்தேன். குழலின் முனைப் பக்கமாக விட்டார். முழங்கை நீளம் போயிற்று. அதற்குமேல் போகவில்லை. திருப்பித் திருப்பி விட்டார். அதே இடத்தில் முட்டியது.

ஈர்க்கை உருவி, போன அளவைக் கட்டைவிரலால் பிடித்து, குழலுக்கு வெளியே வைத்துக் காட்டினார். பாதிக் குழல்கூட இல்லை.

"குண்டு இங்க நிக்குது" என்றார். "மருந்து செத்துப்போச்சு. தள்றதுக்கு சக்தி இல்ல. பாதி வழியில சிக்கிக்கிச்சு."

தோப்புக்காரர்தான் கடைசியில் கேட்டார்.

"அப்ப, ரெண்டாவது சுட்டிருந்தா?"

"பின்னால வர்றது போக வழியில்ல. குழலு பிளந்துகிட்டு வெளிய வரும்."

"எந்தப் பக்கம்?"

இவர் வலது கையை எடுத்து வலது கன்னத்தில், கட்டை இருந்த இடத்தில், வைத்துக் காட்டினார்.

எனக்குத் தோப்புக்காரர் மனைவி தண்ணீர் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. தோப்புக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையைப் பிடித்துச் சுடச் சொன்னவர் அவர். தம்பிக்காரன் அந்த ஈர்க்கை வாங்கி, தானும் ஒரு தடவை குழலில் விட்டுப் பார்த்தான். முட்டியதும் எடுத்து, துடைப்பத்திலேயே திரும்பச் சொருகிவிட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று தெரியவில்லை. அதன் பிறகு வண்டி வரைக்கும் துப்பாக்கியை அவன்தான் இரண்டு கையாலும் ஏந்தி வந்தான், குழந்தையைத் தூக்கி வருவதுபோல. "அண்ணே, மேட்டுல பாத்து வாங்க" என்று வேறு சொன்னான்.

மதாம் மட்டும் மரத்தடியில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். இவரைக் கூப்பிட்டு, கீழே கிடந்த வெறும் கூட்டைக் குடை முனையால் காட்டினார்.

"தம்பி, இதத்தான் நீங்க கர்த்தூஷ்னு சொல்லுவீங்களா?"

"ஆமாங்க மதாம். முசியே எப்பவும் கர்த்தூஷ்னுதான் சொல்லுவாரு" என்றார் இவர்.

"என்கிட்ட குண்டுன்னுதான் சொல்லுவாரு. குண்டு டப்பாவ நகத்து, சோறு போடணும்பேன். நகத்துவாரு."

"அதுக்கு என்னா இப்ப?"

மதாம் வண்டியில் ஏறி உட்கார்ந்துதான் மீதியைச் சொன்னார். முசியே படுக்கையில் கிடந்தபோது, பேச்சு குழற ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் மதாமின் கையைப் பிடித்து, "கர்த்தூஷ் யாருக்கும் குடுக்காத, கெட்டுப்போச்சு" என்றாராம். மதாமும் சத்தியம் செய்தாராம். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். முசியே செத்த அன்றைக்கே அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஜெபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எதப் பூட்டி வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"கர்த்தூஷ். ரெண்டு கர்த்தூஷ். சிகரெட்டு."

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பத்துப் பெட்டி சிகரெட்டைச் சேர்த்துக் கட்டிய நீளக் கட்டுக்கும் கர்த்தூஷ் என்றுதான் பெயர். கடையில் ஒரு கர்த்தூஷ் கொடு என்றால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டர் புகை கூடாது என்று சொல்லியிருந்தார், மருமகன்மார் வந்தால் எடுத்துப் போய்விடுவார்கள், அதனால்தான் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று மதாம் நினைத்துவிட்டார். கெட்டுப்போன சிகரெட்டைப் பூட்டி வைத்தார். கெட்டுப்போன தோட்டாவை விற்றுவிட்டார்.

முதலில் சிரித்தது தோப்புக்காரர் மனைவி. அப்புறம் தம்பிக்காரன். மதாமும் சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே இவருடைய முகத்தைப் பார்த்து, அப்படியே அழுதுவிட்டார்.

மிச்சத் தோட்டாக்களைக் கடலில் கொட்டு, கிணற்றில் போடு, தீயில் போட்டுத் தீர்த்துவிடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவர் எதையும் கேட்கவில்லை. கழித்தது, தேறியது எல்லாவற்றையும் ஒன்றாகப் பழைய டின்னிலேயே வைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், இன்னது, இப்படி ஆயிற்று, இதை யாரும் சுடக்கூடாது என்று சொல்லி ஒப்படைத்தார். இதெல்லாம் என்னய்யா பெரிய விஷயம் என்று முதலில் சொன்ன ஏட்டு, ஈர்க்குக் கதையைக் கேட்டதும் டின்னை மேஜையிலிருந்து தள்ளி ஜன்னலோரம் வைக்கச் சொன்னாராம். துப்பாக்கியைப் பெரிய ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துக் குண்டை எடுத்தும், இவர் அதை மறுபடி தோளில் வைக்கவில்லை. ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். "ஆசை இருக்கு. தோட்டா இல்ல" என்றார். தோப்புக்காரர் முள்வேலி போட்டு அந்த வருடத்துக் கடலையில் பாதியைக் காப்பாற்றிக்கொண்டார்.

மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு இவர் மதாம் வீட்டுக்குப் போனார். மதாம் தொடவில்லை.

"உன் கண்ண வாங்கப் பாத்த குண்டுக்கு நான் காசு வாங்குவேனா? போப்பா."

"பாத்துத்தான் வாங்குனேன் மதாம். லென்சு வெச்சிப் பாத்து வாங்குனேன். ஏமாந்தது என் பாடு. பேசுன பேச்சு பேசுனதுதான்."

"நானும் பேச்சுதான் பேசறேன். வாங்கமாட்டேன்."

இரண்டு பேருமே லேசில் இறங்குகிறவர்கள் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவர் பணத்தை ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார். மதாம் கேக் வெட்டிப் பொட்டலம் கட்டித் தருவார். வீட்டுக்கு வந்து பிரித்தால் கேக்குக்கு அடியில் அதே உறை இருக்கும், எண்ணெய்க் கறையோடு.

ஊர் முழுசாக இந்தியாவோடு சேர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று வந்தபோது மதாம் எழுதிக் கொடுத்தார். மகன் பிரெஞ்சு தேசத்தில்தான் இருந்தான். கிளம்புகிற அன்று நாங்கள் இருவரும் போனோம். சாமான்களெல்லாம் வாசலில். இவர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். மதாம் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் இவருடைய வலது புருவத்தின்மேல் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். குனிந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

வண்டி தெரு முனை திரும்புகிறவரை இவர் உறையை நீட்டியபடியே நின்றார். பிறகு கடைக்கு வந்து லென்ஸை இடுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்தார். உறை அன்றிலிருந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மதாமுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி பதினைந்து ரூபாய்.